இரு உலகப் போர்களுக்கு இடையிலான வில்னா நகரின் யூதப் பள்ளிகள், ஆசிரியர்கள் பற்றிய ஆவணங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படும் நகரம் எது? காலம் எது?

இன்று லித்துவேனியாவின் தலைநகராக இருக்கும் வில்னியுஸ் நகரமே அது. யிட்டிஷ் மொழி பேசிய யூதர்கள் அதை வில்னே என்றும், போலந்துக்காரர்கள் வில்னோ என்றும் அழைத்தார்கள். இந்தப் பக்கத்தில் வில்னா என்ற பெயரைப் பயன்படுத்துகிறோம். முதல் உலகப் போர் வரை ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த இந்நகரம் 1915 முதல் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. 1919, 1920 ஆண்டுகளில் பலமுறை கைமாறி, 1920 அக்டோபரில் போலந்துப் படையின் வசம் வந்து, 1922இல் முறைப்படி போலந்துடன் இணைக்கப்பட்டது. 1939 செப்டம்பர் வரை அந்நிலை நீடித்தது. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரில் ஏறத்தாழ 1,95,000 பேர் வாழ்ந்தார்கள்; அவர்களுள் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், அதாவது ஏறத்தாழ 55,000 பேர், யூதர்கள்.

அந்நகரின் யூதப் பிள்ளைகள் எத்தகைய பள்ளிகளில் படித்தார்கள்?

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதே அங்கு ஓர் அரசியல் நிலைப்பாடாக இருந்தது. பிள்ளை எந்த மொழியில் கணக்குப் படிக்கிறது என்பதைக் கொண்டே அந்தக் குடும்பம் எத்தகைய எதிர்காலத்தை எதிர்பார்க்கிறது என்பதை ஓரளவு ஊகிக்க முடியும்.

யிட்டிஷ் வழிப் பள்ளிகளை நகரின் மையக் கல்விக் குழு நடத்தியது. 1921இல் வார்சாவில் உருவான சிஷோ என்ற யிட்டிஷ் பள்ளிக் கூட்டமைப்புடன் அக்குழு இணைந்து இயங்கியது. இப்பள்ளிகள் மதச்சார்பற்றவை, பெரும்பாலும் சோசலிசச் சாய்வு உடையவை. அவற்றுள் ருட்னிட்ஸ்கா தெருவில் இருந்த ரியால் கிம்னாசியமும், ரஷ்ய மொழிவழிப் பெண்கள் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் யிட்டிஷுக்கு மாறிய சோஃபியா குரேவிச் பள்ளியும் புகழ்பெற்றவை. (கிம்னாசியம் என்பது உடற்பயிற்சிக் கூடம் அன்று, பல்கலைக்கழகத்துக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் உயர்நிலைப் பள்ளி.) எபிரேய மொழிவழியில் தர்பூத் அமைப்பின் பள்ளிகள் இருந்தன, பாலஸ்தீனத்தில் குடியேறுவதையே குறிக்கோளாகக் கொண்ட குடும்பங்கள் அவற்றை நாடின. சமயப் பற்றுடையவர்களுக்கு யாவ்னே, ஹோரேவ் பள்ளிகளும், காலங்காலமாக இருந்துவந்த ஹேதெர் என்னும் திண்ணைப்பள்ளி போன்ற இடங்களும் இருந்தன. இவை தவிர, போலிஷ் மொழியில் பாடம் நடத்திய தனியார் யூதப் பள்ளிகளும், சனிக்கிழமை விடுமுறை விட்டதால் 'ஷபாசுவ்கா' என்று அழைக்கப்பட்ட அரசுப் பள்ளிகளும் இருந்தன.

போலந்து முழுவதையும் எடுத்துக்கொண்டால் பெரும்பாலான யூதப் பிள்ளைகள் கட்டணமில்லாத அரசுப் பள்ளிகளிலேயே படித்தார்கள். வில்னாவில் யூதச் சமூகத்தின் சொந்தப் பள்ளிகளுக்குச் சென்றவர்களின் விகிதம் வழக்கத்தைவிட அதிகம். அதனால்தான் பள்ளி வரலாற்றை ஆராய்பவர்கள் திரும்பத் திரும்ப இந்நகருக்கு வருகிறார்கள்.

பள்ளி ஆவணங்கள் என்றால் அவற்றில் என்னென்ன அடங்கும்?

சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல், ஆசிரியர் குழுக் கூட்டங்களின் குறிப்பேடு, சம்பளப் பட்டியல், பெற்றோர் சங்கக் கடிதங்கள், கல்வி அலுவலகத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்து, பள்ளி நாடகத்துக்கு அச்சிட்ட அழைப்பிதழ், மாணவர்கள் கையெழுத்தில் நடத்திய சுவர்ப் பத்திரிகை என அவை பலவகைப்படும்.

ஒரு மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொள்வோம். தலைப்பும் முத்திரையும் போலிஷில் இருக்கும். பாடங்களின் பெயர்களும் போலிஷிலேயே இருக்கும். ஆனால் மாணவர் அந்தப் பாடங்களுள் பெரும்பாலானவற்றைப் படித்தது யிட்டிஷிலோ எபிரேயத்திலோதான். மதிப்பெண் எண்ணால் அன்றி, மிக நன்று, நன்று, போதுமானது, போதாது என நான்கு சொற்களால் தரப்பட்டது. ஆகவே சான்றிதழில் தெரியும் மொழியை வைத்து அந்தப் பள்ளியின் மொழியை முடிவு செய்யக் கூடாது. அரசின் பார்வைக்குச் சென்ற தாளுக்கும் பள்ளிக்குள்ளேயே இருந்த தாளுக்கும் மொழி வேறு. பல இடங்களில் தொனியும் வேறு.

கூட்டக் குறிப்பேடுகள்தாம் மிகவும் செறிவானவை என்பது என் கருத்து. இயற்பியலையும் கணிதத்தையும் யிட்டிஷில் கற்பிக்க வேண்டுமானால் கலைச்சொற்கள் வேண்டும். அவற்றை உருவாக்கும் பொறுப்பு பெரும்பாலும் பாடம் நடத்திய ஆசிரியர்கள் மீதே விழுந்தது. எழுத்துக்கூட்டலைச் சீராக்கும் விவாதமும் 1930களில் பள்ளிகளுக்குள் புகுந்தது. மறுபுறம் பணம் வரவில்லை. 1919இல் கையெழுத்தான சிறுபான்மையினர் ஒப்பந்தம் பொது நிதியில் நியாயமான பங்கை வாக்களித்திருந்தும், தனியார் யூதப் பள்ளிகளுக்கு அரசிடமிருந்து கிடைத்தது மிகச் சொற்பமே. நகராட்சியின் சிறு மானியமும், அமெரிக்க யூதர்களின் 'ஜாயிண்ட்' அறக்கட்டளை அனுப்பிய உதவியும், பெற்றோர் கட்டிய கட்டணமும் சேர்ந்தே பள்ளிகளை நடத்தின. மாதக்கணக்கில் சம்பளம் நிலுவையில் இருக்க, புதிய கலைச்சொல்லுக்காக வாதிட்ட ஆசிரியர்கள் அவர்கள்.

ஆசிரியர்களைப் பற்றி இவற்றிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

பிறந்த ஆண்டு, படித்த இடம், கற்பித்த பாடம், வாரத்துக்கு எத்தனை மணிநேரம், எத்தனை பள்ளிகளில் பகுதிநேரம் என்ற விவரங்கள் கிடைக்கும். கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிய விண்ணப்பங்களில் கையால் எழுதிய சுருக்கமான வாழ்க்கைக் குறிப்பு இணைந்திருப்பது உண்டு. கையெழுத்தும், விடுபட்ட ஆண்டுகளும், அடித்துத் திருத்திய சொற்களும் ஒரு மனிதரை நம் முன்னே கொண்டுவந்து நிறுத்துபவை என்பதால், அச்சிட்ட படிவத்தைவிட அந்தக் குறிப்பை நிதானமாகப் படிக்க வேண்டும்.

அரசு ஆய்வாளர்களின் அறிக்கைகளும் உதவும். அந்த அறிக்கைகளில் பாடம் எப்படி நடந்தது என்பதோடு, ஆசிரியரின் அரசியல் நம்பகத்தன்மை பற்றிய மதிப்பீடும் இடம்பெறும். யிட்டிஷ் பள்ளிகளைக் கம்யூனிசத்தின் விளைநிலங்களாக அதிகாரிகள் சந்தேகித்தார்கள். 1921இல் தொடங்கி, அவ்ரோம் கோலோம்பின் தலைமையில் ஆசிரியர்களை உருவாக்கிய யிட்டிஷ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை அரசு 1931இல் மூடியது. புகழ்பெற்ற மொழியறிஞர் மாக்ஸ் வைன்ரைக் அங்கே பாடம் நடத்தியவர். ஆகவே ஆய்வாளர் அறிக்கையில் ஒருவரைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்தால், அது கற்பித்தல் திறன் பற்றியதா, சந்தேகத்தின் வெளிப்பாடா என்று பிரித்துப் பார்த்தே எடுத்தாள வேண்டும்.

நகரின் யூதர்கள் ஏறத்தாழ முழுமையாக அழிக்கப்பட்டபோது இந்தத் தாள்கள் எப்படித் தப்பின?

இது நீண்ட கதை. ஆனால் இது தெரியாமல் இந்த ஆவணங்களைப் பயன்படுத்த முடியாது.

1925இல் வில்னாவில் யிவோ என்ற யிட்டிஷ் ஆய்வு நிறுவனம் நிறுவப்பட்டது. அதன் நான்கு ஆய்வுப் பிரிவுகளுள் ஒன்று உளவியலுக்கும் கல்வியியலுக்கும் உரியது. ஊர் ஊராக இருந்த 'ஸாம்லர்கள்' என்னும் தன்னார்வச் சேகரிப்பாளர்கள் பழமொழி முதல் துண்டறிக்கை வரை கிடைத்தவற்றையெல்லாம் அனுப்பினார்கள். அவர்களுள் பலர் ஆசிரியர்களும் மாணவர்களும். பள்ளிகளின் தாள்கள் பெருமளவில் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு இதுவே காரணம்.

1941 ஜூனில் ஜெர்மானியப் படை நகரைப் பிடித்தது. செப்டம்பர் 6ஆம் நாள் யூதர்கள் கெட்டோ என்னும் அடைப்புப் பகுதிக்குள் தள்ளப்பட்டார்கள். நூல்களையும் ஆவணங்களையும் கொள்ளையிடுவதற்கென்றே அமைந்த ரோசன்பெர்க் படைப்பிரிவு 1942இல் யிவோ கட்டடத்தில் முகாமிட்டு, கெட்டோவிலிருந்து யூத அறிஞர்களை வரவழைத்து, தாள்களைத் தரம்பிரிக்கும் வேலையைச் சுமத்தியது. ஒரு சிறு பகுதி ஜெர்மனிக்கு. மீதி காகித ஆலைக்குக் கூழாக. ஹெர்மன் குருக், ஸெலிக் கல்மனோவிச், கவிஞர்கள் ஆப்ரஹாம் சுட்ஸ்கேவர், ஷ்மெர்கே கச்செர்கின்ஸ்கி உள்ளிட்ட அந்தக் குழுவினர் மாலையில் கெட்டோவுக்குத் திரும்பும்போது உடைக்குள் தாள்களைச் சுற்றிக்கொண்டு, காவலரின் சோதனையைக் கடந்து வந்தார்கள். அகப்பட்டால் உயிர் போகும் என்று அறிந்தே, சுவர்களுக்குள்ளும் நிலவறைகளிலும் யிவோ கட்டடத்தின் பரணிலும் அவற்றை ஒளித்தார்கள். கெட்டோ மக்கள் இவர்களைக் 'காகிதப் படை' என்று அழைத்தார்கள். குருக்கும் கல்மனோவிச்சும் பின்னர் எஸ்தோனியாவின் முகாம்களில் உயிரிழந்தார்கள். சுட்ஸ்கேவரும் கச்செர்கின்ஸ்கியும் காட்டிலிருந்த எதிர்ப்புப் படைகளோடு சேர்ந்து தப்பி, 1944 ஜூலையில் நகரம் விடுவிக்கப்பட்டதும் திரும்பி வந்து, ஒளித்த இடங்களைத் தோண்டி, ஒரு யூத அருங்காட்சியகத்தையே தொடங்கினார்கள்.

சோவியத் அரசு 1949இல் அந்த அருங்காட்சியகத்தை மூடியது. அங்கிருந்த தாள்கள் அழிக்கப்படாமல் காத்தவர் லித்துவேனிய நூல் நிறுவனத்தின் இயக்குநர் அந்தானாஸ் உல்பிஸ். அவர் யூதர் அல்லர். நூல் கிடங்காகப் பயன்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயத்தில், மற்றத் தாள்களுக்கு நடுவே, அவற்றைப் பல்லாண்டுகள் மறைத்து வைத்தார். 1980களின் இறுதியில்தான் அவை வெளியுலகுக்குத் தெரியவந்தன. 2017இல் மேலும் ஏறத்தாழ 1,70,000 பக்கங்கள் லித்துவேனியத் தேசிய நூலகத்தில் அடையாளம் காணப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

இன்று இவை எங்கே இருக்கின்றன?

ஒரே பள்ளியின் தாள்கள் இரண்டு கண்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. ஜெர்மனிக்குக் கொள்ளை போன பகுதியை அமெரிக்கப் படை கண்டெடுத்து, ஃபிராங்க்ஃபர்ட் அருகிலுள்ள ஓஃபென்பாக் கிடங்கில் சேர்த்து, 1947இல் நியூயார்க்குக்கு அனுப்பியது. போரின் தொடக்கத்தில் யிவோவின் தலைமையகம் அங்கே மாறியிருந்தது. வில்னாவில் ஒளித்துக் காக்கப்பட்ட பகுதி லித்துவேனிய மத்திய அரசு ஆவணக்காப்பகம், மார்த்தினாஸ் மாஷ்விதாஸ் தேசிய நூலகம், அறிவியல் கழகத்தின் வ்ரூப்லெவ்ஸ்கி நூலகம் ஆகியவற்றில் உள்ளது. போலந்து ஆட்சிக் காலத்தின் வில்னா கல்வி மாவட்ட அலுவலகத் தாள்களையும் வில்னியுஸிலேயே தேட வேண்டும். வார்சாவில் இருந்த அமைச்சகத்தின் கோப்புகளில் எஞ்சியவை அந்நகரின் நவீன ஆவணக்காப்பகத்தில் உள்ளன. நிதியுதவி பற்றிய கடிதங்களுக்கு ஜாயிண்ட் அறக்கட்டளையின் காப்பகத்தை நாடலாம்.

நியூயார்க்கிலும் வில்னியுஸிலும் இருக்கும் யிவோ தாள்களை ஒரே இடத்தில் காணும்படி மின்படிமமாக்கும் பணி 2015இல் தொடங்கி 2022இல் நிறைவு பெற்றது. இணைய வசதியுள்ள எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஒரே ஆசிரியரின் பெயர் ஏன் நான்கைந்து விதமாக எழுதப்பட்டிருக்கிறது?

இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் அந்நகரின் ஆட்சிமொழி பலமுறை மாறியது. பிறப்புச் சான்று ரஷ்ய மொழியில். பணி நியமனம் போலிஷில். பள்ளிக் குறிப்பேடு யிட்டிஷிலோ எபிரேயத்திலோ. 1939, 1940 ஆண்டுகளின் தாள்கள் லித்துவேனிய மொழியில். ரஷ்ய மொழியில் 'ஹ' ஒலிக்கு எழுத்து இல்லை. அதன் இடத்தில் 'க' ஒலி வரும். அதனால் ஹிர்ஷ் என்பவர் கிர்ஷ் ஆவார். ஹோரோவிட்ஸ், ஹுர்விச், குரேவிச் ஆகிய மூன்றும் ஒரே குடும்பப் பெயரின் வடிவங்களே.

பெண் ஆசிரியர்களைத் தேடுவது இன்னும் கடினம். அதே சமயம், பெயரின் ஈறே ஒரு தகவலையும் தரும். போலிஷில் கப்லான் என்பவரின் மனைவி கப்லானோவா, மகள் கப்லானுவ்னா. லித்துவேனிய மொழியில் மனைவிக்கு -இயெனே, மகளுக்கு -ஐதே போன்ற ஈறுகள் சேரும். பள்ளித் தாளில் 1927இல் கப்லானுவ்னா என்று இருந்தவர் 1931க்குப் பிறகு காணாமற்போனால், அவர் பணியைவிட்டு நீங்கினார் என்று உடனே எழுதிவிட வேண்டாம். திருமணத்துக்குப் பிறகு வேறொரு குடும்பப் பெயரில் அதே வகுப்பறையில் இருந்திருக்கலாம். பாடத்தையும் வாராந்தர மணிநேரத்தையும் ஒப்பிட்டால் பல நேரங்களில் ஆள் பிடிபட்டுவிடுவார்.

தேதிகளையும் வகுப்பு எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. முதல் உலகப் போருக்கு முன் பிறந்தவர்களின் தேதிகள் ஜூலியன் நாள்காட்டியைச் சேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேதியோடு 12 நாள்களைக் கூட்ட வேண்டும். ரஷ்யப் பத்திரத்தில் 1895 டிசம்பர் 25 என்று இருந்தால் நம் கணக்கில் அது 1896 ஜனவரி 6. சமயப் பள்ளிகளும் எபிரேயப் பள்ளிகளும் யூத ஆண்டை எபிரேய எழுத்துகளால் குறிப்பது உண்டு. ஆயிரத்தின் இலக்கத்தை விட்டுவிடுவார்கள். எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டி 690 வந்தால் அது 5690, அதாவது 1929 இலையுதிர்காலத்திலிருந்து 1930 இலையுதிர்காலம் வரை.

வகுப்பு எண்ணில் நேரும் பிழை இதைவிடப் பெரியது. 1932ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்கு முன் கிம்னாசியம் எட்டு ஆண்டுகள். அதன் பிறகு படிப்படியாக நான்கு ஆண்டு கிம்னாசியமும் அதன்மேல் இரண்டு ஆண்டு லைசியமும் வந்தன. 1928இல் கிம்னாசியம் மூன்றாம் வகுப்பு மாணவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். புதிய முறையில் அதே மூன்றாம் வகுப்பு மாணவர் பதினைந்து வயதைக் கடந்தவர்.

எல்லா வகைப் பள்ளிகளின் ஆவணங்களும் ஒரே அளவில் கிடைக்கின்றனவா?

இல்லை. யிட்டிஷ் பள்ளிகளின் தாள்கள் மிகுதியாகவும், சமயப் பள்ளிகளின் தாள்கள் குறைவாகவும் கிடைக்கின்றன. இதைக் கண்டு யிட்டிஷ் பள்ளிகளே நகரின் கல்வியை ஆண்டன என்று முடிவுகட்டிய எழுத்துகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே வருகிறது. சேகரித்தவர்கள் யார் என்று கேட்க வேண்டும். யிவோ யிட்டிஷ் இயக்கத்தின் மடியில் பிறந்தது. அதன் அறிஞர்களும் யிட்டிஷ் பள்ளிகளின் ஆசிரியர்களும் பெரும்பாலும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள், சிலர் ஒரே ஆள்கள். தங்கள் பள்ளியின் நாடக அழைப்பிதழ்கூட வரலாறு என்று அவர்கள் நம்பினார்கள். ஹேதெரின் வாத்தியாருக்கோ வருகைப் பதிவேடு வைக்கும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. அவர் கற்பித்ததற்குச் சாட்சி அவருடைய மாணவர்கள்தாம். அவர்களோடு அதுவும் போயிற்று.

அடுத்த வடிகட்டல் காகிதப் படையின் கையில் நிகழ்ந்தது. ஒரு நாளில் ஓர் ஆள் உடலோடு சுற்றிக் கொண்டுவரக்கூடிய தாள் கொஞ்சமே. கையெழுத்துப் பிரதியா, பதிவேடா என்று நொடியில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பருமனான பதிவேடுகள் ஆலைக்குப் போயிருக்கும், தனித்தாள்கள் தப்பியிருக்கும். அரசுப் பள்ளிகளில் படித்த யூதப் பிள்ளைகளோ இந்தத் தொகுப்புக்குள் அநேகமாக வருவதே இல்லை. அவர்களைக் கல்வி அலுவலகத்தின் கோப்புகளில், போலிஷ் மொழியில், சமயம் என்ற கட்டத்துக்குள் 'மோசேயின் சமயம்' என்று எழுதப்பட்டவர்களாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

மாணவர்கள் தாமே எழுதியவை ஏதேனும் உண்டா?

உண்டு, தொகுப்பின் மிக உயிருள்ள பகுதி அதுதான். யிவோ 1932, 1934, 1939 ஆகிய ஆண்டுகளில் இளைஞர்களுக்குத் தன்வரலாறு எழுதும் போட்டி நடத்தியது. போலந்து முழுவதிலிருந்தும் அறுநூறுக்கும் மேற்பட்ட தன்வரலாறுகள் வந்தன. முந்நூறுக்கும் மேற்பட்டவை தப்பியுள்ளன. எழுதியவர்கள் யிட்டிஷ், எபிரேயம், போலிஷ் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதினார்கள். பள்ளியை விரும்பியவர்களும், கட்டணம் கட்ட முடியாமல் நின்றவர்களும், ஆசிரியரோடு முரண்பட்டவர்களும் அவற்றில் பேசுகிறார்கள். 2017இல் வெளிவந்த தாள்களிடையே 1930களின் தொடக்கத்தில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளிக்காக எழுதிய தன்வரலாறும் இருந்தது. வயது பதினொன்றை ஒட்டிய ஒரு பிள்ளை தன் குடும்பத்தையும் விடுமுறையையும் பற்றி யிட்டிஷ் எழுத்தில் வரி வரியாக எழுதிச் சென்ற ஏடு அது.

கெட்டோவுக்குள் பள்ளிகள் நடந்தனவா? அவற்றுக்கு ஆவணம் உண்டா?

நடந்தன. கெட்டோ அமைந்த சில நாள்களிலேயே உயிரோடிருந்த ஆசிரியர்கள் ஒன்றுகூடிப் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். ரியால் கிம்னாசியத்தின் கட்டடம் கெட்டோவுக்குள் அகப்பட்டு, கெட்டோ நிர்வாகக் குழுவின் அலுவலகமாயிற்று. போருக்கு முன் யிட்டிஷ் பள்ளிகளில் பணியாற்றிய மீரா பெர்ன்ஸ்டெய்ன் கெட்டோவிலும் கற்பித்தார். நாளுக்கு நாள் குறைந்துவந்த அவருடைய மாணவர்களின் எண்ணிக்கையைச் சுட்ஸ்கேவர் கவிதையாக எழுதியிருக்கிறார். பாடகர் குழுவைப் பயிற்றுவித்த யாங்கெவ் கெர்ஷ்தெய்ன் 1942இல் கெட்டோவிலேயே இறந்தார். கெட்டோ நிர்வாகத்தின் தாள்களில் பள்ளிகள் பற்றிய அறிக்கைகளும் பணியாளர் விவரங்களும் உள்ளன; அவை லித்துவேனிய மத்திய அரசு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. 1942 மே மாதக் கணக்கெடுப்பும் பெயர்களைச் சரிபார்க்க உதவும். 1943 செப்டம்பர் 23, 24 தேதிகளில் கெட்டோ கலைக்கப்பட்டது.

யிட்டிஷும் போலிஷும் தெரியாதவர் எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் தேடும் பெயரை லத்தீன் எழுத்தில் போலிஷ் முறைப்படியும், எபிரேய எழுத்தில் யிட்டிஷ் முறைப்படியும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின்படிமத் தொகுப்பின் பட்டியல் விவரங்கள் ஆங்கிலத்திலும் இருப்பதால், பள்ளியின் பெயரால் தேடுவதே எளிய வழி; தனிமனிதரின் பெயர் பட்டியலில் அரிதாகவே வரும். பள்ளியின் பெயரைப் பிடித்த பிறகு, கோப்பைத் தொடக்கத்திலிருந்து பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். எபிரேய எழுத்துகளைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் போதும். பெயர்களை அடையாளம் காண அதுவே பெரிதும் உதவும். தெருப் பெயர்களுக்கும் ஒரு சிறு அட்டவணை தயாரித்துக்கொள்வது நல்லது: போலிஷ் ஆவணத்தில் நியெமியெட்ஸ்கா என்று இருப்பதுதான் யிட்டிஷில் தாய்ச்சே காஸ், இன்றைய வில்னியுஸில் வோக்கியெச்சு தெரு.

தேடிய ஆசிரியரின் பெயர் எங்குமே கிடைக்கவில்லை என்றால்?

அவர் கற்பித்த பள்ளியின் மாணவர்கள் வழியாகத் தேடுங்கள். போருக்கு முன்பே பாலஸ்தீனத்துக்கும் அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனவர்கள் வகுப்புப் புகைப்படங்களைக் கொண்டுசென்றார்கள்; அவற்றின் பின்புறத்தில் வரிசைப்படி பெயர்களை எழுதி வைப்பது வழக்கம். எருசலேமின் யாத் வஷேம் நிறுவனத்தில், தப்பியவர்களும் உறவினர்களும் இறந்தவர்களைப் பற்றி நிரப்பித் தந்த சாட்சியப் படிவங்கள் உள்ளன. படிவத்தில் தொழில் என்ற கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் 'ஆசிரியர்' என்றும், வாழ்ந்த இடம் என்ற கட்டத்தில் 'வில்னா' என்றும் எழுதப்பட்ட படிவங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கீழே கையெழுத்திட்டவர் தமக்கும் இறந்தவருக்கும் உள்ள உறவைக் குறிப்பிடும் இடத்தில் மகன், மருமகள், அண்டை வீட்டார் என்பவற்றுக்கு நடுவே சில படிவங்களில் 'மாணவர்' என்று எழுதியிருப்பார்.